அந்தப் பித்தளைத் தகட்டில் என் பெயர்

போன மாதம், நான் மேடைக்குப் போன கடைசி வருஷங்களில் என்னோடு வாசித்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மாத்தளை டவுனில் புதிதாக இசைக்கருவிக் கடை ஒன்று திறக்கப் போகிறார்களாம். அங்கே விற்கிற கிட்டார் தந்திப் பாக்கெட்டின் மேல் என் பெயரையும் படத்தையும் போட வேண்டுமாம். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, படத்துக்குச் சிரித்தால் போதுமாம்.

"முடியாது" என்றேன்.

"என்ன மாஸ்டர், இந்தக் காலத்துல அவனவன் தன் பேரப் போடச் சொல்லி பின்னால அலையிறான். ஒங்களத் தேடி வந்து கேக்குறாங்க, வேணாங்கிறீங்களே!"

"அந்தத் தந்தி நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் மாஸ்டர் இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். போன பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் அனுப்பிவிட்டேனே! ஆனால் அது நின்ற நிலையில் சொல்லி முடிகிற காரணம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை, அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவாள். தோட்டத்து மாதா கோவிலில் பூசைப் பாட்டுக்கென்று ஒரு பழைய கிட்டார் கிடந்தது. அதை மடியில் படுக்கவைத்து, போத்தல் கழுத்தைத் தந்தி மேல் வழுக்கி வாசிக்கப் பழகினேன். அந்த வழுக்குச் சத்தத்துக்காகவே டவுனில் டொமினிக் மாஸ்டர் தன் இசைக்குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார். கல்யாண வீடு, திருவிழா மேடை, தம்புள்ளைப் பக்கத்து ஹோட்டல்கள் என்று அதற்குப் பிறகு என் வாழ்க்கை முழுக்க அதுதான்.

டொமினிக் மாஸ்டர் யாரையும் திட்டமாட்டார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே வயலினை இறக்கி, சனங்களைப் பார்த்துச் சிரித்தபடி என் பக்கம் குனிவார். "பெனடிக்ட், பசிக்குதா?" என்பார். இல்லை மாஸ்டர் என்பேன். "அப்ப ஏன்யா சுருதியத் தின்னுற?" என்று கேட்டுவிட்டு, முகத்துச் சிரிப்பு மாறாமல் மறுபடி வயலினைத் தூக்கிக்கொள்வார். அவரிடம் அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பெடல் ஸ்டீல் கிட்டாரை நான் முதலில் பார்த்தது ஒரு ஹோட்டலில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாசிக்கும்போது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதை மடியில் வைப்பதில்லை, தோளில் மாட்டுவதும் இல்லை. நான்கு கால் போட்ட ஒடுக்கமான மேசை மாதிரி இருக்கும். மேலே பத்துத் தந்தி. இடது கையில் வழவழப்பான ஸ்டீல் பார் ஒன்றைப் பிடித்துத் தந்தி மேல் நகர்த்த வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். கீழே தையல் மெஷினுக்கு இருப்பது போலப் பெடல்கள். பெடலை மிதித்தால், அதிலிருந்து மேலே போகிற கம்பி சில தந்திகளை மட்டும் இழுத்துச் சுருதியை உயர்த்தும். மற்றத் தந்திகள் அசையாமல் நிற்க வேண்டும். அப்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், ஆள் அழுதுகொண்டே சிரிப்பது மாதிரி! அன்றைக்கு என் வாசிப்பை மறந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதை வெளிநாட்டிலிருந்து இறக்குவதெல்லாம் என்னைப் போன்றவனுக்கு ஆகிற காரியமா? அலுவிகாரையில் குணசீலன் என்று ஒருவன் லேத் பட்டறை வைத்திருந்தான். முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவன். என்னைவிட வயதில் இளையவன், கெட்டிக்காரன், அதைவிடக் கெட்டியான வாய்க்காரன். அவனிடம் போய்ப் படம் கீறிக் காட்டினேன். பார்த்தான், தலையைச் சொறிந்தான். "இது என்னண்ணே, தேயில அரைக்கிற ரோலர்ல உள்ள இழுவக் கம்பிதானே, அதுல பாட்டு வருமா?" என்றான். அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிட்டான்.

சைக்கிள் ஸ்போக்கை இழுவைக் கம்பியாக்கினான். தண்ணீர்க் குழாயில் கால் செய்தான். பலகைக்குப் பலா மரம், உத்தரம் மாதிரித் தடித்தது. பல மாதம் இரண்டு பேரும் சண்டை பிடித்துப் பிடித்துத்தான் செய்தோம். கடைசியில் ஒருநாள் அது பாடியது. குணசீலன் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என் வெள்ளைச் சட்டை அன்றோடு போச்சு.

அன்றைக்கே பேசிக்கொண்டோம். இனிச் செய்கிறதை அவன் விற்கட்டும். முதல் கிட்டார் எனக்கு. முன்பக்கத்தில் என் பெயர் வெட்டிய பித்தளைத் தகட்டை அவன் போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்டீல் கிட்டார் என்றால் பெனடிக்ட் என்றுதான் சனங்களுக்குத் தெரியும். ஆனால் பட்டறையை விட்டு வெளியே போகிற ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்து வாசித்துப் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுதான்.

முதல் தகராறு சிரிப்புக்குரியது. தீப்பெட்டி அளவில் இருந்த தகடு, வரவர வாகன நம்பர் பிளேட் அளவுக்கு வளர்ந்துவிட்டது. "டேய், நா என்ன பஸ்ஸா?" என்று சத்தம் போட்டேன். குறைத்தான். அடுத்தது, என்னைக் கேட்காமலேயே ஒரு கடைத் திறப்புவிழாவுக்கு நான் வாசிக்க வருவதாகச் சொல்லிவிட்டான். போகவில்லை. ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு அவனே வந்து பேசினான். இதெல்லாம் கூட்டாளிகளுக்குள் வருகிறதுதான்.

மூன்றாவதுதான் வினையாகிவிட்டது.

ஒருநாள் காலையில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் கலேவெலையிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் ஜூட்டும் அவளும் இன்னொருவருமாக ஹோட்டல்களில் வாசிக்கிற மூன்று பேர் குழு. பஸ் ஸ்டாண்டிலிருந்து த்ரீவீலில் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சேர், ஒங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேக்கத்தான் வந்தேன். மறைக்காம சொல்லுங்க. எனக்குக் காது போயிருச்சா?"

"ஏம்மா, என்ன நடந்துச்சு?"

"சின்னதுல இருந்து கோவில்ல ஆர்மோனியம் வாசிக்கிறவ சேர் நா. இது வாங்கின நாள்ல இருந்து சுருதி நிக்குதில்ல. மிதிச்சா எறங்குற மாதிரி கேக்குது. ஹோட்டல்ல மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இன்னொருக்கா இப்படி ஆனா எனக்குப் பதிலா கீபோட்காரர் ஒருத்தரப் போடுறதுன்னு அவரும் முடிவு பண்ணிட்டாரு."

அவர் என்றது ஜூட்டை. பெட்டியைத் திறந்தாள். முன்பக்கத்தில் பளபளவென்று என் பெயர். அந்தக் கிட்டாரை அதற்கு முன் நான் கண்ணால்கூடக் கண்டதில்லை.

வாசிக்கச் சொன்னேன். பெடலை மிதித்ததும், மிதிபடாத தந்திகளின் சுருதி மெல்ல இறங்கியது. கொஞ்சம்தான், ஆனால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. கீழே குனிந்து, பலகையின் அடியில் கோடு போடுகிற உருக்கு அடிமட்டத்தை வைத்துப் பிடித்தேன். மிதிக்கச் சொன்னேன். அடிமட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. காலை எடுத்தாள், வெளிச்சம் மறைந்தது. பலகை வளைகிறது! வளைந்தால் இழுபடாத தந்திகள் எல்லாம் தளராமல் என்ன செய்யும்?

"ஒங்க காது நல்லா இருக்கும்மா. பலகைதான் வளையுது" என்றேன்.

அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. தகட்டைத் தொட்டுக் காட்டினாள். "இதுல ஒங்க பேரு போட்டிருக்கே சேர். நீங்க பாத்து அனுப்பினதுன்னு சொல்லித்தானே குடுத்தாங்க. அப்ப பிழ என்னோடதுதான்னு நெனச்சேன்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பலகை வளைந்ததுகூடப் பெரிசில்லை. நல்ல காது உள்ள ஒருத்தி, தான் கேட்டதை விட்டுவிட்டு என் பெயரை நம்பியிருக்கிறாள். நம்பித் தன் காதையே சந்தேகப்பட்டிருக்கிறாள். அந்தத் தகடு அங்கே இருக்கக்கூடாது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

அலுவிகாரைக்குப் போனேன். குணசீலன் லேத்தை நிறுத்தவில்லை. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

"பலகைய மாத்துனியா?"

"மாத்தித்தான் ஆகணும் அண்ணே. பலா மரத்தத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏற முடியலன்னு வாங்குறவங்க எல்லாம் பொலம்புறாங்க. இது சப்பு மரம். லேசு, பொலிஷும் அழகா ஏறுது."

"என்னைய ஏன் வாசிச்சுப் பாக்கக் கூப்பிடல?"

"நீங்க ஹோட்டல் ஹோட்டலா ஓடிக்கிட்டு இருந்தீங்க. நா மேசையில வச்சி, ஒவ்வொரு கம்பியா கையால இழுத்துப் பாத்துத்தான் அனுப்புறேன். தொழிற்சாலையில எந்த இழுவையையும் அப்படித்தான் பாப்போம். இந்தா, நீங்களே பாருங்க."

மேசை மேல் கிடந்த ஒன்றில் சுருதி பார்க்கிற கருவியை மாட்டிக் கம்பியைக் கையால் இழுத்தான். பச்சை விளக்கு, சுருதி சரி. இன்னொன்றை இழுத்தான். அதுவும் பச்சை. மேசைதான் பலகையை முழு நீளத்துக்கும் தாங்குகிறதே, எங்கே வளையும்? கால் பூட்டி ஆள் உட்கார்ந்து மிதித்துப் பார் என்றேன். "அந்தப் பொம்பள மிதிக்கிற மிதிக்கு என் கிட்டாரா பொறுப்பு?" என்றான்.

"அப்ப என் பேரக் கழட்டு."

"கழட்ட முடியாது. குடுத்த பேச்ச மாத்துறது நீங்கதான்."

"மாத்தினது நீடா!"

"முடிஞ்சதப் பாருங்க" என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டான். எனக்கா பிடிவாதம் இல்லை? நேராகப் போய், கோர்ட்டுக்குப் போகாமல் தகராறுகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்தேன். ஒரு பெயருக்காக இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், இவ்வளவுதான் என்றேன்.

சபை லீவு நாளில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும். அங்கே வக்கீல் கிடையாது, கூண்டு கிடையாது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். நான் ஒருவரையும் குணசீலன் ஒருவரையும் காட்டினோம். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தலைமைக்கு எடுத்தார்கள். ஓய்வுபெற்ற அதிபர் பரமேஸ்வரி டீச்சர். சாட்சிக்கு ஸ்டெல்லாவும் ஜூட்டும் அந்தக் கிட்டாரோடு வந்திருந்தார்கள்.

அந்த அம்மாவிடம் ஒரு வழக்கம். எதிராளி சொன்னதை நாம் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டால்தான் நம் வாயைத் திறக்க டீச்சர் விடுவார். குரலை உயர்த்த மாட்டார், பேனாவை மேசையில் படுக்கவைத்துவிட்டுக் காத்திருப்பார். எங்களுக்கு முன்னால் ஒரு வேலித் தகராறில் இரண்டு பேர் அப்படித் திருப்பிச் சொல்லிச் சொல்லியே சிரித்துவிட்டார்கள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "பெனடிக்ட் அண்ணே என்ன சொல்றாருன்னா, நா கள்ளன்னு சொல்றாரு" என்றான் குணசீலன்.

"அப்படியா சொன்னீங்க?" என்று டீச்சர் என்னைப் பார்த்தார்.

"இல்ல டீச்சர். கிட்டார் வளையுது, என் பேர எடுக்கணும்னு சொன்னேன்."

"திருப்பிச் சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பிறகு தன் முறை வந்ததும் ஸ்டெல்லாவின் கிட்டாரைக் கால் பூட்டாமல் மேசையில் கிடத்தி, சுருதிக் கருவியை மாட்டிக் கம்பிகளைக் கையால் இழுத்தான். எல்லாம் பச்சை. "சரி, இவரே வாசிக்கட்டும் டீச்சர். பெரிய வித்துவான்தானே!" என்றான்.

கால்களைப் பூட்டி, சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் வயரைச் சொருகினார்கள். உட்கார்ந்தேன். பிழை எல்லாருக்கும் கேட்கப் போகிறது என்ற நினைப்பில் மாதா பாட்டொன்றை எடுத்தேன். மிதித்தேன், வாசித்தேன். பிழை கேட்கவில்லை! பாட்டு வெண்ணெய் மாதிரி இழைந்துகொண்டு போனது. வெளியே முறைக்காகக் காத்திருந்த சனங்கள் ஜன்னலில் வந்து நின்று கைதட்டினார்கள்.

இடது கையைப் பார்த்தேன். சுருதி இறங்குகிற இடத்திலெல்லாம் பாரை அது தானாகச் சாய்த்து, நடுக்கிக் கொடுத்து, பிழையை மூடிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. இத்தனை வருஷம் பழகின கை. என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

"பாத்தீங்களா டீச்சர்!" என்று குணசீலன் எழுந்தே விட்டான்.

டீச்சர் ஸ்டெல்லாவை வாசிக்கச் சொன்னார். அதே பாட்டை வாசித்தாள். முதல் மிதியிலேயே இறங்கியது. ஜூட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கிட்டார் ஒன்னுதான், கைதான் வேற. இதுக்கு மேல நா என்ன சொல்ல?" என்றான் குணசீலன். ஸ்டெல்லா பாரைத் துணியில் சுற்றத் தொடங்கினாள். "விடுங்க சேர், போவோம்" என்றாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. விடுவதாவது! "டீச்சர், இனி வாசிக்கத் தெரிஞ்ச யாரும் அதத் தொடவேணாம். நீங்க வந்து ஒக்காருங்க" என்றேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"தெரியாததாலதான் கூப்பிடுறேன். பாரும் வேணாம், பாட்டும் வேணாம். இந்த ஒரு தந்தியத் தட்டுங்க. இது பெடல் இழுக்காத தந்தி, மிதிச்சாலும் மிதிக்காட்டியும் ஒரே மாதிரி நிக்கணும். சரிதானே சீலா?"

"சரிதான்" என்றான் குணசீலன், சந்தேகத்தோடு.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தந்தியைத் தட்டினார். பச்சை. "இப்ப ரெண்டு பெடலையும் சேத்து மிதிச்சிக்கிட்டு, அதே தந்தியத் தட்டுங்க." மிதித்துத் தட்டினார். சிவப்பு. காலை எடுத்தார். பச்சை. மறுபடி மிதித்தார். சிவப்பு. அந்த அம்மாவுக்கே வேடிக்கையாகிவிட்டது, விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தார்.

"குணசீலன், இப்ப நீங்க பாத்தத சொல்லுங்க" என்றார்.

அவன் குனிந்து அந்த விளக்கைப் பார்த்தான். பிறகு, "மிதிச்சா வளையுது டீச்சர்" என்றான். அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லா பாரை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜூட் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

அதோடு முடிந்திருக்கலாம். பலகைக்கு அடியில் இரும்புச் சட்டம் பூட்டித் தருகிறேன், ஏற்கனவே போனவற்றையும் திருப்பி எடுத்துத் திருத்துகிறேன், பெயர் மட்டும் இருக்கட்டும் என்று குணசீலன் இறங்கி வந்தான். ஜூட்டுக்கு அது போதும். மற்ற இரண்டு மத்தியஸ்தர்களும் என்னையே பார்த்தார்கள். டீச்சரும் "நியாயமாத்தானே இருக்கு?" என்றார்.

"சட்டத்தப் பூட்டட்டும் டீச்சர், சந்தோஷம். ஆனா பேரு வேணாம்."

"ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"இந்தப் பிள்ள காதுல பிழ கேட்டுச்சு. என் பேரப் பாத்துட்டு, தான்தான் பிழன்னு நெனச்சிருச்சு. நாளைக்கு வேற ஒரு பிழ வந்தா, வாங்கினவங்க அப்பவும் தங்களத்தான் சந்தேகப்படுவாங்க. என் பேரு ஆள் வாய அடைக்கிறதுக்கா?"

டீச்சர் குணசீலனைப் பார்த்தார். நான் சொன்னதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும் அல்லவா? அவன் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. டீச்சர் எழுதிய இணக்கப் பத்திரத்தில் எல்லாரும் கையெழுத்து வைத்தோம்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. சட்டம் பூட்டிய முதல் கிட்டாரை மட்டும் ஆள் மூலம் எனக்கு அனுப்பி, பார்த்துச் சொல்லச் சொன்னான். நான் தொடாமலே திருப்பி அனுப்பினேன். நான் வாசித்தால் என் கை பிழையை மூடிவிடும், ஸ்டெல்லாவிடம் கொடுத்துப் பார் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில்தான் சொல்கிறேன் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் மத்தியானம் அவனே வந்தான். செருப்பைக் கழற்றவில்லை, வாசலில் நின்றுகொண்டே பொரிந்தான்.

"என்னண்ணே ஆள் பிடிச்சுத் தந்தீங்க! கலேவெலைக்கு நா எத்தன தடவ போறது? மொதல் தடவையும் திருப்பிட்டா. சட்டத்தத் தடிச்சதா போட்டுக் கொண்டுபோனேன். நேத்து அதையும் திருப்பிட்டா!"

"என்ன சொன்னா?"

"சரியில்லன்னு ஒரே வார்த்த. எங்க சரியில்லன்னு கேட்டா, எனக்குக் கேக்குது, நீங்களே ஒக்காந்து மிதிச்சுப் பாருங்கங்கிறா. ஜூட் பரவாயில்லன்னு சொல்லியும் கேக்கல. நாட்டாம மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "மிதிச்சுப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"அப்புறம்?"

குணசீலன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"அவ சொன்னதுதாண்ணே சரி" என்றான்.